ஆளை அனுப்பாமல் சுவிட்ச், ரவுட்டர்களின் சீரியல் எண்ணை எடுப்பது எப்படி?

#1 தொலைமுனை

வணக்கம். எங்களுக்கு 41 கிளைகள். எல்லாவற்றையும் சேர்த்தால் சுமார் 340 நெட்வொர்க் சாதனங்கள்: சுவிட்ச், ரவுட்டர், ஃபயர்வால், கொஞ்சம் ஆக்சஸ் பாயின்ட். சப்போர்ட் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க ஒவ்வொன்றின் சீரியல் எண்ணும் வேண்டும் என்கிறார்கள். கையில் இருக்கும் எக்செல் ஐந்து வருடப் பழசு. அதை நம்பிப் பணம் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

போன வாரம் ஒரு கிளைக்கு போன் செய்து, அங்கிருந்தவரிடம் ரேக்கின் பின்னால் போய் லேபிளைப் படிக்கச் சொன்னேன். பாவம், கைபேசி டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு இருபது நிமிடம் தேடிப் படித்துச் சொன்னார். அந்த எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டால் அப்படி ஒரு சாதனமே இல்லை என்று வந்தது. மறுபடி கேட்டு, ஒரு எழுத்தை மாற்றிப் போட்டால், அது சுவிட்சின் எண்ணே இல்லை, பவர் சப்ளையின் எண். 340 தடவை இதைச் செய்ய முடியாது.

சாதனங்கள் எல்லாமே நெட்வொர்க்கில்தான் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு என்னிடம் லாகின் இருக்கிறது. உட்கார்ந்த இடத்திலிருந்து எடுக்க நம்பகமான வழி எது?

#2 ரேக்குப்பின்

சாதனத்தையே கேளுங்கள். தயாரிப்பிலேயே சீரியல் எண்ணை உள்ளே ஒரு சிறிய நினைவகச் சில்லில் எழுதித்தான் அனுப்புகிறார்கள். லேபிளில் அச்சாகியிருப்பதும் அதே எண்தான். கண் படிப்பதைவிடச் சில்லிலிருந்து வருவது எவ்வளவோ மேல்.

எஸ்என்எம்பி (சாதனத்தின் விவரங்களை நெட்வொர்க் வழியாகக் கேட்டு வாங்கும் நெறிமுறை) ஓடுகிறதென்றால் என்டிட்டி எம்ஐபி என்ற பொது அட்டவணையைப் பாருங்கள். எந்தத் தயாரிப்பாளருக்கும் உரியது அல்ல, பொதுத் தரநிலை. 1996ல் வந்த முதல் வடிவத்தில் சீரியல் எண்ணுக்கு இடமே கிடையாது. 1999ல் ஆர்எஃப்சி 2737 என்ற தரநிலை ஆவணம் வந்தபோதுதான் அதற்கான பத்தி (அட்டவணையின் நெடுவரிசை) சேர்ந்தது. பிறகு 2005ல் 4133, 2013ல் 6933 என்று திருத்தி எழுதினார்கள், பத்தி அப்படியே இருக்கிறது.

உங்களுக்கு வேண்டிய ஓஐடி (அட்டவணையில் ஒரு விவரம் இருக்கும் இடத்தைச் சுட்டும் எண்):

1.3.6.1.2.1.47.1.1.1.1.11

இதை வாக் செய்தால் (இதன் கீழ் உள்ள எல்லா வரிகளையும் வரிசையாகக் கேட்டால்) அந்தப் பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் வரும். கடைசி எண்ணை மாற்றினால் மற்ற பத்திகள்: 2 விவரிப்பு, 5 பாகத்தின் வகை, 7 பெயர், 13 மாடல். வகைப் பத்தியில் 3 என்று வந்தால் சேஸி (மற்ற பாகங்களைத் தாங்கும் கூடு), 6 பவர் சப்ளை, 7 விசிறி, 9 மாட்யூல், 10 போர்ட், 11 ஸ்டாக்.

கிளைக்குப் போகும் லைன் மெதுவானது என்றால் டைம்அவுட்டைக் கூட்டிக்கொள்ளுங்கள். நெட்-எஸ்என்எம்பி கருவிகளில் இயல்பாக ஒரு நொடிதான் காத்திருக்கும். பழைய சாதனம் இந்த அட்டவணையைத் தொகுத்துத் தரவே அதைவிட அதிக நேரம் எடுக்கும். பதில் வரவில்லை என்றதும் எஸ்என்எம்பி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

#3 இரவுப்பணி

எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் வழி) லாகின் இருந்தால் சிஸ்கோவில் "ஷோ இன்வென்டரி" அடியுங்கள். பிஐடி (மாடல்), விஐடி (வன்பொருள் பதிப்பு), எஸ்என் (சீரியல் எண்) மூன்றும் ஒரே வரியில் வரும். பலரும் பழக்கத்தில் "ஷோ வெர்ஷன்" அடித்து, அதில் "ப்ராசசர் போர்டு ஐடி" என்ற இடத்தில் இருப்பதை எடுத்துவிடுகிறார்கள். சின்ன சுவிட்சில் இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம். கார்டு கார்டாகச் செருகும் பெரிய பெட்டியில் அது போர்டின் எண், சேஸியின் எண் அல்ல. ஒப்பந்தம் பெரும்பாலும் சேஸியின் மேல்தான் எழுதியிருக்கும்.

இதில் நான் அடிபட்டிருக்கிறேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன். ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு மைய சுவிட்ச் ஒன்று படுத்துவிட்டது. ஒப்பந்தம் இருக்கிறது, நான்கு மணி நேரத்தில் மாற்றுப் பாகம் வரவேண்டும். கேஸ் திறக்கப் போனால், நாங்கள் கொடுத்த எண் ஒப்பந்தத்தில் இல்லை என்றார்கள். பட்டியல் தயாரித்தவர் சுவிட்சை இயக்கும் சூப்பர்வைசர் கார்டின் எண்ணை எழுதியிருந்தார். அந்தக் கார்டை ஒரு வருடம் முன்பே மாற்றியிருந்தோம். சேஸி எண்ணைத் தேடிக் கொடுத்து, உரிமையை நிரூபித்து, கேஸ் நகர்வதற்குள் விடிந்துவிட்டது. ஒரு எழுத்துக்கூட பிழையாக இல்லை. எண் சரியான எண், ஆனால் வேறு பொருளின் எண்.

சிஸ்கோவின் நெக்சஸ் வகை சுவிட்ச் இருந்தால் "ஷோ லைசென்ஸ் ஹோஸ்ட்-ஐடி" பாருங்கள், சேஸி எண் அதில் வரும்.

#4 தொலைமுனை

இரண்டு பேருக்கும் நன்றி. ஒரு கிளையின் சுவிட்சில் #2ல் சொன்ன வாக்கை ஓட்டினேன். ஒரு எண் வரும் என்று நினைத்தேன், 27 வரிகள் வந்தன! பாதிக்கு மேல் வெற்று. மீதியில் மூன்று பார்க்க ஒரே மாதிரி இருக்கின்றன, கடைசி இலக்கங்கள் மட்டும் வேறு. வகைப் பத்தியிலும் 3 என்று மூன்று வரி. சேஸி ஒன்றுதானே இருக்க வேண்டும்?

வெளியீட்டை அப்படியே ஒட்டுகிறேன்:

[நடத்துனர் நீக்கியது. சாதனங்களின் சீரியல் எண்களைப் பொதுவில் போடாதீர்கள். காரணத்தை #9ல் விளக்கியிருக்கிறார்கள்.]

#5 ரேக்குப்பின்

மூன்று சேஸி என்றால் உங்களிடம் இருப்பது மூன்று சுவிட்ச். ஸ்டாக் கேபிளால் கோத்து, ஒரே ஐபியில் ஒரே சுவிட்ச் போல நடந்துகொள்கிறது. எக்செலில் அது ஒரு வரியாகத்தான் இருக்கும், பாருங்கள். அப்படியானால் இரண்டு சுவிட்ச் இத்தனை நாளும் ஒப்பந்தத்துக்கு வெளியே இருந்திருக்கின்றன.

27 வரிகளைப் புரிந்துகொள்ள இன்னொரு பத்தி வேண்டும்: 4. ஒவ்வொரு பாகமும் எதற்குள் இருக்கிறது என்பதை இது சொல்லும். எண் 0 என்றால் அது எதற்குள்ளும் இல்லை, உச்சியில் இருக்கிறது. உங்கள் ஸ்டாக்கில் வகை 11 உள்ள வரிதான் உச்சி. அதற்குள் மூன்று சேஸி, ஒவ்வொரு சேஸிக்குள்ளும் பவர் சப்ளை, விசிறி, போர்ட், போர்ட்டுக்குள் எஸ்எஃப்பி (கேபிளை இணைக்கப் போர்ட்டில் செருகும் சிறு மாட்யூல்). ஒரு தாளில் மரமாக வரைந்து பாருங்கள். வெற்றாக வருபவை பெரும்பாலும் போர்ட், சென்சார், காலி ஸ்லாட். அவற்றுக்குச் சீரியல் எண் கிடையாது.

இந்த இழையைப் படிக்கும் எல்லோருக்கும் இதையே சொல்வேன்: சாதனத்தின் சீரியல் எண் என்ன என்று கேட்பதே பாதிக் கேள்விதான். எந்தப் பாகத்தின் எண், எதற்காக வேண்டும் என்பது மீதிப் பாதி. ஒப்பந்தத்துக்குச் சேஸி. பழுதான பாகத்தைத் திருப்பி அனுப்ப அந்தப் பாகத்தின் எண். சொத்துக் கணக்குக்கு இரண்டும், எது எதற்குள் இருக்கிறது என்ற உறவும். எண்ணை மட்டும் எழுதி உறவை விட்டுவிட்டால் ஒரு கார்டை இடம் மாற்றிய அன்றே பட்டியல் பொய்யாகிவிடும்.

ஒன்று கவனியுங்கள். எண் இல்லாத பாகத்துக்கு நிர்வாகியே ஒன்றைக் கொடுக்கட்டும் என்று இந்தப் பத்தியை எழுதக்கூடியதாகவும் தரநிலை விட்டிருக்கிறது. பெரும்பாலான சாதனங்கள் அனுமதிப்பதில்லை. ஆனாலும் "எஸ்டபிள்யூ-மாடி2" மாதிரி மனிதர் சூட்டிய பெயர் வந்தால் அது தொழிற்சாலை எண் அல்ல என்று தெரிந்துகொள்ளுங்கள்.

#6 பலவகை

எல்லாச் சாதனமும் என்டிட்டி எம்ஐபியை ஒழுங்காக நிரப்புவதில்லை. அங்கே தயாரிப்பாளரின் சொந்த ஓஐடிக்குத்தான் போக வேண்டும். நான் வருடக்கணக்கில் ஓட்டிவரும் ஸ்கிரிப்ட்டிலிருந்து எடுத்துப் போடுகிறேன்:

ஜூனிப்பர்: 1.3.6.1.4.1.2636.3.1.3.0
ஃபோர்ட்டிநெட்: 1.3.6.1.4.1.12356.100.1.1.1.0
பாலோ ஆல்டோ: 1.3.6.1.4.1.25461.2.1.2.1.3.0
மைக்ரோடிக்: 1.3.6.1.4.1.14988.1.1.7.3.0
என்டிட்டி எம்ஐபி தராத மிகப் பழைய சிஸ்கோ: 1.3.6.1.4.1.9.3.6.3.0

கடைசியில் உள்ளதை நம்பி ஏமாறாதீர்கள், சில பெட்டிகளில் அதையும் நிர்வாகி மாற்றி எழுதியிருப்பார்.

கட்டளை வழி என்றால் ஜூனிப்பரில் "ஷோ சேஸி ஹார்ட்வேர்". பல சுவிட்சை ஒன்றாக்கி வர்ச்சுவல் சேஸியாக ஓட்டினால் "ஷோ வர்ச்சுவல்-சேஸி"யில் ஒவ்வோர் உறுப்பின் எண்ணும் தனித்தனியாக வரும், அதை எடுங்கள். ஃபோர்ட்டிநெட்டில் "கெட் சிஸ்டம் ஸ்டேட்டஸ்", பாலோ ஆல்டோவில் "ஷோ சிஸ்டம் இன்ஃபோ", மைக்ரோடிக்கில் "சிஸ்டம் ரவுட்டர்போர்டு பிரின்ட்". ஹுவாவேயில் "டிஸ்ப்ளே இஎஸ்என்" அல்லது "டிஸ்ப்ளே ஈலேபிள்". ஹெச்பி காம்வேர் வகையில் "டிஸ்ப்ளே டிவைஸ் மேனுஇன்ஃபோ". அரிஸ்டாவில் சிஸ்கோ மாதிரியே "ஷோ இன்வென்டரி".

ஆக்சஸ் பாயின்ட்களை ஒவ்வொன்றாகத் தட்டாதீர்கள். அவற்றை நிர்வகிக்கும் கன்ட்ரோலரில் பதிவாகும்போதே அவை தங்கள் எண்ணைச் சொல்லிவிடுகின்றன. ஒரே இடத்தில் மொத்தமும் கிடைக்கும்.

இரண்டு ஃபயர்வால்களை ஜோடியாக வைத்திருந்தால் பொது ஐபியைக் கேட்டால் அந்த நேரத்தில் வேலை செய்துகொண்டிருப்பதன் எண்தான் வரும். காத்திருக்கும் மற்றொன்றை அதன் சொந்த மேலாண்மை ஐபியில் கேட்க வேண்டும். ஸ்டாக்கைப் போலவே இதுவும் பட்டியலில் விட்டுப்போகும் இடம்.

#7 புதுக்கேபிள்

நான் இந்தத் துறைக்குப் புதியவள். ஒரு சந்தேகம், தவறாக நினைக்காதீர்கள். மேக் முகவரியும் ஒவ்வொரு சாதனத்துக்கும் தனிதானே? அதை வைத்தே அடையாளம் காணக் கூடாதா?

#8 ரேக்குப்பின்

நல்ல கேள்வி. மேக் முகவரி இடைமுகத்துக்கு, அதாவது ஒவ்வொரு போர்ட்டுக்கும், உரியது. 48 போர்ட் சுவிட்சில் 48க்கு மேல் இருக்கும், மென்பொருளால் மாற்றவும் முடியும். முதல் 24 பிட்டை ஐஈஈஈ ஒதுக்குவதால் யார் தயாரித்தது என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான். மேக்கிலிருந்து சீரியல் எண்ணைக் கணக்கிட்டு எடுக்கப் பொதுவான வழி கிடையாது. அதோடு ஒரு ரவுட்டரைத் தாண்டினால் அப்பால் உள்ளவற்றின் மேக் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

ஆனால் மேக் வேறு விதத்தில் கைகொடுக்கும்: பட்டியலில் இல்லாத சாதனம் எந்த போர்ட்டின் பின்னால் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க. அந்த வேலை கடைசியில் வரும், அப்போது பேசுவோம்.

லினக்ஸ் பெட்டிகளில் ஒரு குழப்பம் உண்டு. "எல்எஸ்பிசிஐ" கட்டளையை விரிவாக ஓட்டினால் நெட்வொர்க் கார்டுக்கு "டிவைஸ் சீரியல் நம்பர்" என்று 64 பிட் எண் ஒன்று வரும். நடுவில் எஃப்எஃப்-எஃப்எஃப் இருந்தால் அது மேக் முகவரியை நீட்டி எழுதியது. கார்டின் லேபிள் எண் அது இல்லை. விபிடி என்ற பகுதியில் "எஸ்என்" என்று தனியாக இருந்தால் அதுதான் உண்மையானது.

#9 பூட்டுசாவி

நடத்துனர் ஏன் #4ஐ நீக்கினார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எண்தானே, அதில் என்ன ரகசியம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள்.

பல இடங்களில் சீரியல் எண்தான் உரிமைச் சான்று. அதைச் சொல்லி வாரன்டி கேஸ் திறக்கலாம். கிளவுட் வழியாக நிர்வகிக்கும் சில சாதனங்களை எண்ணைக் கொடுத்தே ஒரு கணக்கில் சேர்த்துக்கொள்ள முடிகிறது. இன்னும் மோசமான உதாரணம் 2008ல் வெளிவந்தது: தாம்சன் ஸ்பீட்டச் வீட்டு ரவுட்டர்களில் வைஃபை பெயரும் இயல்புக் கடவுச்சொல்லும் சீரியல் எண்ணிலிருந்தே கணக்கிடப்பட்டன. கணக்கு வெளியே தெரிந்ததும், காற்றில் வரும் வைஃபை பெயரை வைத்தே கடவுச்சொல்லை நெருங்க முடிந்தது.

அதனால் எண்ணை எடுக்க எஸ்என்எம்பியைத் திறக்கும்போது கவனம். 340 சாதனத்திலும் அவசரத்துக்கு "பப்ளிக்" என்ற கம்யூனிட்டியை (எஸ்என்எம்பியில் கடவுச்சொல் போன்றது) போட்டுவிட்டு, வேலை முடிந்ததும் மூடலாம் என்று விடாதீர்கள். யாரும் திரும்பப் போய் மூடுவதில்லை. எஸ்என்எம்பியின் வெர்ஷன் 1, 2சி இரண்டிலும் கம்யூனிட்டி மறைக்கப்படாமல் அப்படியே லைனில் போகிறது. முடிந்த இடத்தில் வெர்ஷன் 3, அடையாளச் சரிபார்ப்பும் மறைகுறியாக்கமும் சேர்த்து. முடியாத இடத்தில் படிக்க மட்டும் அனுமதி, உங்கள் கண்காணிப்பு சர்வரின் ஐபிக்கு மட்டும். எஸ்என்எம்பியின் போர்ட்டான யுடிபி 161 இணையத்திலிருந்து எட்டக் கூடாது.

வெர்ஷன் 3 போட்டாலும் ஒன்று வெளியே தெரியும். உரையாடல் தொடங்கும்போதே சாதனம் தன் என்ஜின் ஐடியை (எஸ்என்எம்பியில் அதன் அடையாளம்) கடவுச்சொல் கேட்காமல் சொல்லிவிடும். அதில் தயாரிப்பாளரின் பதிவு எண் இருக்கும், பல நேரம் மேக் முகவரியும் இருக்கும். சீரியல் எண் போகாது, ஆனால் யாருடைய பெட்டி என்பது போய்விடும். ஆகவே வெர்ஷன் 3க்கும் ஐபி கட்டுப்பாடு வேண்டும்.

#10 ஒளியிழை

ஃபைபர் பக்கத்திலிருந்து கொஞ்சம். ஜிபான் (வீடுகளுக்கு ஃபைபரில் இணையம் தரும் முறை) நெட்வொர்க்கில் சீரியல் எண்ணைத் தேட வேண்டியதே இல்லை. வீட்டு முனையில் இருக்கும் ஓஎன்டி லைனில் சேரும்போது முதலில் சொல்வதே தன் சீரியல் எண்ணைத்தான். அதைப் பார்த்துத்தான் சேவை நிறுவனத்தின் முனையில் இருக்கும் ஓஎல்டி உள்ளே விடுகிறது. ஓஎல்டியில் பதிவாகாத ஓஎன்டிகளின் பட்டியலைப் பார்த்தால் எண் அங்கே காத்துக்கொண்டிருக்கும்.

குழப்பம் லேபிளில்தான். எண் மொத்தம் எட்டு பைட்: முதல் நான்கு தயாரிப்பாளரைக் குறிக்கும் நான்கு எழுத்து, அடுத்த நான்கு ஹெக்ஸ் (பதினாறடிமான) எண். சில லேபிளில் எழுத்தாகவே அச்சடித்திருப்பார்கள், சிலவற்றில் முழுவதும் ஹெக்ஸில். லேபிள் 48575443 என்று தொடங்கினால் பயப்பட வேண்டாம். 48 ஹெச், 57 டபிள்யூ, 54 டி, 43 சி. ஹெச்டபிள்யூடிசி, அதாவது ஹுவாவே. ஒரே சாதனம் இரண்டு எண்ணில் பட்டியலில் ஏறியிருப்பதை நான் பல தடவை திருத்தியிருக்கிறேன். காரணம் எப்போதும் இதுதான்.

எஸ்எஃப்பிக்கும் சொந்தச் சீரியல் எண் உண்டு. அதன் உள் நினைவகத்தில் 68 முதல் 83 வரையிலான பைட்டுகளில், 16 எழுத்துக்கு இடம். தயாரிப்பாளர் பெயர் 20 முதல் 35 வரை. லினக்ஸில் "ஈத்டூல்" கட்டளைக்கு "மைனஸ் எம்" கொடுத்தால் எல்லாம் வரும். எண்ணின் பின்னால் வெற்று இடங்கள் ஒட்டிக்கொண்டு வரும், வெட்டிவிட்டுச் சேமியுங்கள். இல்லாவிட்டால் ஒப்பிடும்போது இரண்டும் வேறு என்று சொல்லும்.

#11 இரவுப்பணி

கிளைகளில் சர்வர் இருந்தால் அதையும் இதே கையோடு எடுத்துவிடுங்கள். இயங்குதளம் படுத்திருந்தாலும் மேலாண்மைச் சில்லிடம் கேட்கலாம். ஐபிஎம்ஐ என்றால் "ஐபிஎம்ஐடூல் எஃப்ஆர்யு", புதியது என்றால் 2015ல் வந்த ரெட்ஃபிஷ் வழி. லினக்ஸுக்கு உள்ளிருந்து "டிஎம்ஐடிகோட்".

போர்டு மாற்றியிருந்தால் மட்டும் உஷார். புதுப் போர்டில் பழைய எண்ணை எழுத மறந்துவிட்டால் வெற்றாக வரும், அல்லது "டு பி ஃபில்டு பை ஓஈஎம்" என்ற வாசகமே வரும். அப்படி வந்தவற்றைத் தனியாக எடுத்துவையுங்கள், லேபிளைப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. வர்ச்சுவல் ரவுட்டர் என்றால் எண் மென்பொருள் உருவாக்கியது. அதை வன்பொருள் பட்டியலில் சேர்க்கவே கூடாது.

#12 பலவகை

340ஐயும் கையால் செய்யாதீர்கள். பைத்தானில் நேபாம் நூலகத்தின் "கெட் ஃபேக்ட்ஸ்" மாடல், பதிப்பு, சீரியல் எண் மூன்றையும் ஒரே வடிவில் தரும், தயாரிப்பாளர் யாராக இருந்தாலும். ஸ்டாக்கில் மட்டும் முழுப் பட்டியலும் வருகிறதா என்று சரிபாருங்கள். அன்சிபிள் என்ற தானியக்கக் கருவி பழக்கம் இருந்தால் அதிலும் ஃபேக்ட்ஸ் எடுக்கலாம். லிப்ரேஎன்எம்எஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள் ஏற்கனவே ஓடுகிறதென்றால் அதுவே என்டிட்டி மரத்தை இழுத்து வைத்திருக்கும், இன்வென்டரி பக்கத்தைப் பாருங்கள். புதிதாக நெட்கான்ஃப் (சாதனங்களை நிர்வகிக்கும் இன்னொரு நெறிமுறை) வழி போக நினைப்பவர்களுக்கு 2018ல் வந்த ஆர்எஃப்சி 8348 இதே மரத்தை யாங் (தரவின் அமைப்பை விவரிக்கும் மொழி) மாதிரியாகத் தருகிறது.

கிடைத்ததை எக்செலில் திறக்கும்போதுதான் பெரிய சேதம் நடக்கிறது. சீரியல் எண்ணில் நான்கு இலக்கம், நடுவில் ஆங்கில ஈ எழுத்து, பிறகு இரண்டு இலக்கம் என்று அமைந்துவிட்டால் எக்செல் அதை அடுக்கு எண்ணாக நினைத்து உருமாற்றிவிடும். முன்னால் உள்ள பூஜ்யங்கள் காணாமல் போகும். 15 இலக்கத்தைத் தாண்டும் எண்ணில் மீதி இலக்கங்களைப் பூஜ்யமாக்கிவிடும். சேமித்து மூடினால் பழைய எண் திரும்ப வராது. கோப்பை இரட்டைக் கிளிக் செய்து திறக்காமல், இறக்குமதி வழியாகப் போய் அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று குறித்த பிறகு உள்ளே கொண்டுவாருங்கள். எடுத்த நாளையும் எந்த வழியில் எடுத்தீர்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

#13 தொலைமுனை

நான்கு நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். ஓட்டி முடித்துவிட்டேன். நீங்கள் சொன்னபடி வெர்ஷன் 3, ஒரே ஒரு சர்வரிலிருந்து மட்டும்.

340 என்று நினைத்தது 372. கூடுதல் எல்லாம் ஸ்டாக்கின் உறுப்புகளும் ஜோடி ஃபயர்வால்களில் காத்திருந்தவையும். #5 சொன்னது அப்படியே நடந்தது.

மூன்று விஷயம் இடிக்கிறது. ஒன்று, ஒரே சீரியல் எண் இரண்டு ஐபியில் வருகிறது, இப்படி ஆறு ஜோடி. இரண்டு, 2016ல் புதிதாக வாங்கியதாகப் பட்டியல் சொல்லும் ஒரு சிஸ்கோ சுவிட்சின் எண்ணில் மூன்று எழுத்துக்குப் பிறகு 1032 என்று வருகிறது. இதில் ஆண்டு இருக்கிறது என்று கேள்விப்பட்டேன், 2010ஆ? மூன்று, 11 ஐபிகளில் சத்தமே இல்லை.

#14 ரேக்குப்பின்

ஆறு ஜோடியும் பெரும்பாலும் ஒரே பெட்டிதான், இரண்டு முகவரி. லூப்பேக் ஐபியும் விலான் ஐபியும் இரண்டுமே உங்கள் பட்டியலில் இருந்திருக்கும். ஹோஸ்ட்நேமை ஒப்பிட்டால் தெரிந்துவிடும். இதைக் கண்டுபிடித்ததற்கே இந்த வேலை தகும். இத்தனை வருடம் ஆறு பெட்டிக்கு இரட்டிப்பாகப் பணம் கட்டியிருக்கலாம், பழைய ஒப்பந்தத்தைப் பாருங்கள்.

1032 என்பது 2010 அல்ல. அந்த 11 எழுத்து வடிவத்தில் முதல் மூன்று எழுத்து தயாரித்த இடம், அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த இரண்டு வாரம். ஆண்டை 1996உடன் கூட்ட வேண்டும். 10 என்றால் 2006, அதில் 32வது வாரம். 2016ல் புதிது என்று வந்த சுவிட்ச் பத்து வருடம் முந்தையது. இரண்டில் ஒன்று: நடுவில் யாரோ மாற்றி வைத்திருக்கிறார்கள், இல்லை உங்களுக்கு விற்றவர் பழையதைக் கொடுத்திருக்கிறார். கொள்முதல் ரசீதில் சீரியல் எண் இருக்கும், முதலில் அதைத் தேடுங்கள்.

சத்தமில்லாத 11ஐப் பிரித்துப் பாருங்கள். பிங் வருகிறதா? வந்தால் கடவுச்சொல்லோ ஐபி கட்டுப்பாடோ தடுக்கிறது. பக்கத்துச் சாதனத்தில் உள்நுழைந்து எல்எல்டிபி (பக்கத்துச் சாதனத்துக்குத் தன்னை அறிவிக்கும் நெறிமுறை) அண்டைவீட்டுப் பட்டியலை விரிவாகப் பாருங்கள். ஐபி போன் மாதிரியான முனைச் சாதனங்கள் எல்எல்டிபி-மெட் வழியாகச் சீரியல் எண்ணையே அனுப்பும், கேட்காமலே கிடைக்கும்.

#15 தொலைமுனை

11ல் ஏழு முடிந்தது. ஐந்து பழைய கம்யூனிட்டியில் கிடந்தன, இரண்டு ஐபி போன், எல்எல்டிபியிலேயே எண் இருந்தது. மீதி நான்கு ஐபிகள் எப்போதோ எடுத்துவிட்ட பெட்டிகளுடையவை. ஆனால் அந்த இடங்களில் ஏதோ இருக்கிறது: ஒரே போர்ட்டில் ஒன்பது மேக் முகவரி தெரிகிறது, எல்எல்டிபியில் அந்தப் போர்ட்டில் யாருமில்லை.

#16 ரேக்குப்பின்

நிர்வகிக்க முடியாத சாதா சுவிட்ச். யாரோ போர்ட் போதவில்லை என்று வைத்திருக்கிறார்கள். அதற்கு ஐபியும் இல்லை, கேட்டால் பதில் சொல்லும் மென்பொருளும் இல்லை. இங்கே மனிதக் கண் வேண்டும். ஆனால் படித்துச் சொல்லச் சொல்லாதீர்கள். லேபிளை நெருக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பார்கோடு முழுதாகத் தெரிய வேண்டும். படத்திலிருந்து பார்கோடை நீங்களே ஸ்கேன் செய்யுங்கள். 8ஐ பி என்று பார்கோடு படிக்காது.

#17 தொலைமுனை

நான்கு படமும் வந்துவிட்டன. முதலில் போனில் டார்ச்சோடு அவதிப்பட்டாரே, அதே கிளையிலிருந்தும் ஒன்று. இந்தத் தடவை அரை நிமிட வேலை என்றார்.

ஒரு சிக்கல். இரண்டு படங்களில் ஸ்கேன் செய்தது லேபிளில் அச்சாகியிருப்பதைவிட ஓர் எழுத்து நீளமாக வருகிறது. முன்னால் ஓர் எஸ் சேர்ந்திருக்கிறது. மீதி எழுத்துகள் அப்படியே பொருந்துகின்றன. எதை எழுதுவது?

#18 பலவகை

எஸ் இல்லாமல் எழுதுங்கள். பின்வருவது சீரியல் எண் என்று ஸ்கேனருக்குச் சொல்லும் குறி அது, எண்ணின் பகுதி அல்ல. அதே லேபிளில் மாடல் எண்ணின் பார்கோடைப் படித்தால் முன்னால் 1பி என்று வரக்கூடும், அதுவும் இதே வகைதான்.

#19 தொலைமுனை

ஆமாம், 1பி வருகிறது. எஸ்ஸை எடுத்துவிட்டுத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டேன், இரண்டுமே சரியான மாடலோடு திறந்தன. கடைசி நான்கு வரியும் ஏறிவிட்டன. 2016 ரசீதும் கிடைத்தது. அதில் எழுதியிருக்கும் சீரியல் எண் வேறு. கொள்முதல் பிரிவுக்கு இரண்டு எண்ணையும் எடுத்த தேதியோடு இப்போதுதான் அனுப்பினேன்.